குருவி கத்தினால் குடத்தை எடு

அம்மாவின் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் மெஷின் கடகடவென்று ஒரே மூச்சில் ஓடும். எட்டு நாள் தாண்டிவிட்டால் கொஞ்சம் ஓடும், நிற்கும். அம்மா பெடலிலிருந்து காலை எடுக்காமல் தலையை மட்டும் வாசல் பக்கம் சாய்ப்பாள். ஒன்றும் கேட்காது. மறுபடி ஓடும். ஒரு ஜாக்கெட்டின் ஒரு பக்கம் தைத்து முடிப்பதற்குள் நாலு தடவை நிற்பாள்.

திண்டுக்கல்லில் அந்த வருடங்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுவார்கள். சில சமயம் பன்னிரண்டு நாளும் ஆகும். எந்த நேரத்தில் என்பது வால்வு திறக்கிறவருக்கே திருகின பிறகுதான் தெரியும் போலிருக்கிறது. வேகம் இருக்காது என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு குழி தோண்டி அதற்குள் குழாயை இறக்கியிருந்தோம். முதலில் புஸ்ஸென்று காற்று வரும், பிறகு தண்ணீர் வரும், ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். முதலில் கேட்டவர் சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கூப்பிடத்தான் செய்வார்கள். அடுத்த வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்ற கெட்ட எண்ணம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. நமக்கு நாலு குடம் நிறையட்டும், பிறகு சொல்வோம் என்ற நல்ல எண்ணம்தான்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் எங்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. பெயர் அறிவியல் மற்றும் பொறியியல் மன்றம். உறுப்பினர்கள் எட்டுப் பேர், சொத்து ஒரு பீரோ, ஒரு சால்டரிங் கம்பி. புதன்கிழமை கடைசிப் பீரியட் கூடுவோம். பொறுப்பாசிரியை பீரோச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்துவார். அவர் தலை நிமிராமல் திருத்தியதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் சோப்பு காய்ச்சினோம், அது துணியிலிருந்த அழுக்கை விட்டுவிட்டுச் சாயத்தை எடுத்தது. எரிமலை செய்து சிவப்பு மையைப் பொங்கவிட்டதில் இரண்டு பேருடைய வெள்ளைத் தாவணி போயிற்று. தலைமையாசிரியையின் டேப் ரெக்கார்டரைப் பழுது பார்க்கப் பிரித்தோம். பிரிப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. திரும்ப மாட்டுவதில்தான் கொஞ்சம் முன்னேற்றம் தேவைப்பட்டது.

மாவட்டக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, நான் யோசிக்காமல் சொன்னேன்: “எங்க அம்மா தைக்கிறப்ப குழாய்ல தண்ணி வந்தா கத்துற மாதிரி ஒண்ணு செய்வோமா?”

மும்தாஜ்தான் முதலில் துள்ளினாள். அவள் அண்ணன் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். அங்கே விற்காமல் கிடந்த, குருவி மாதிரி கத்துகிற காலிங் பெல் ஒன்றை அவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். விஷயம் ரொம்பச் சின்னது. குழாய் வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கப்பு, அதற்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு செப்புக் கம்பிகள். கப்பில் தண்ணீர் விழுந்தால் தண்ணீர் வழியாகக் கொஞ்சூண்டு மின்சாரம் பாயும். நடுவில் இருக்கிற டிரான்சிஸ்டர் அதைப் பெரிதாக்கி பெல்லுக்கு அனுப்பும். கம்பியை வாசலிலிருந்து இழுத்து, அம்மாவின் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் குருவியை மாட்டினோம்.

மாட்டிய மறுநாளே குருவி கத்தியது. நான் தெருவில் இறங்கி, “தண்ணி வந்திருச்சு! தண்ணி வந்திருச்சு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே குடத்தோடு ஓடி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் அரிசி களைந்த பாத்திரத்தோடு எங்கள் குழியருகே நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. கழுநீரை எங்கள் குழியில் கொட்டுவது அவளுக்கு உரிமை.

“சேசு மரி சூசை!” என்று பெரியம்மா தலையில் கை வைத்தாள். “ஏண்டி, அரிசி களஞ்ச தண்ணிக்கும் குழாய்ல வர்ற ஆத்தூர் டேம் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத குருவிய எங்கிட்டிருந்துடி புடிச்சிட்டு வந்த?”

ஒரு வாரத்துக்கு நான் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. கண்ட கண்ட பையன்களெல்லாம் என்னைப் பார்த்ததும் கீச் கீச் என்றார்கள். அம்மாதான் ஒரு பழைய பவுடர் டப்பா மூடியைக் கொண்டுவந்து, “இதுல ஓட்டை போட்டு, குழாய் வாயைச் சுத்திக் கப்புக்கு மேல குடை மாதிரிக் கட்டிப் பாரு. வெளியில இருந்து கொட்டுற தண்ணி உள்ள போகாதுல்ல?” என்றாள். எட்டுப் பேர் கொண்ட மன்றத்துக்குத் தோன்றாதது அது.

அதற்குப் பிறகு வந்த தண்ணீர் நாளை என்னால் மறக்க முடியாது. சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குருவி கத்தியது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் நம்பிக்கையில்லாமல்தான் வெளியே போனோம். குழிக்குள் விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒன்பது குடமும் டிரம்மும் நிறைந்தன. நாலாவது குடத்திலேயே அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

“கத்துதுடி. நெசமாவே கத்துது” என்றாள் அம்மா, ஈரக் கையால் என் கன்னத்தைப் பிடித்து.

அதிலிருந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் மெஷின் இடையில் நிற்காமல் ஓடியது. எட்டாம் நாளும் ஓடியது, பத்தாம் நாளும் ஓடியது. நிஜக் குருவி ஒன்று வாசலில் கத்தியதற்கு அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு தடவை நடந்தது. அதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை வந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒரே பெல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஸ்டூலைப் போட்டு ஏறியபோது அப்பா தடுத்தார். அன்றோடு தண்ணீர் வந்து பத்து நாள். வீட்டில் இருந்தது ஒன்றரைக் குடம். தவறவிட்டால் இன்னும் பத்து நாளைக்கு ஊரெல்லாம் குடத்தோடு அலைய வேண்டும். அதோடு அம்மாவின் கையில் ஒரு அவசர வேலை இருந்தது. சின்னாளப்பட்டியில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பெண்ணுக்கும் அவள் தங்கைகளுக்குமாக மூன்று ஜாக்கெட் சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

“இதைக் கழட்டிட்டுப் போனா நாளைக்கு யாரு பாக்குறது? நானும் வேலைக்குப் போயிருவேன். அவ தைப்பாளா, குழாயப் பாப்பாளா?” என்றார் அப்பா.

“நாளைக்குத் தண்ணி வராதுங்க” என்றாள் அம்மா. “மோட்டாரு ரிப்பேராம். தெறந்துவிடுறவரே சொன்னாரு. திங்கக்கெழம ஆயிருமாம். நீ கழட்டுடி.”

எனக்கு அதைவிட நல்ல சேதி உண்டா? ஒரே நிமிடத்தில் கழற்றிவிட்டேன். காலையில் கிளம்பும்போது அம்மா மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள். “குடிக்க அங்க தண்ணி இருக்கும்மா” என்றேன். “குடிக்க இல்லடி, குருவிக்கு. அது பழகின தண்ணி” என்றாள். எனக்குச் சிரிப்பாக வந்தது.

கண்காட்சியில் எங்கள் மேஜைக்கு வந்த நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “எங்க, கத்தட்டும் பாப்போம்” என்றார். பக்கத்து மேஜையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை எடுத்துத் தானே கப்பில் ஊற்றினார். குருவி கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ம்ஹூம். நான் பெல் கம்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். நடுவர் நோட்டில் என்னமோ எழுதப் போனார்.

மும்தாஜ்தான் சுதாரித்தாள். கப்பைக் கவிழ்த்துத் துடைத்து, என் பையிலிருந்து அம்மாவின் பாட்டிலை உருவி ஊற்றினாள். குருவி ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

“அப்பிடி என்னம்மா இருக்கு அந்தத் தண்ணியில?” என்றார் நடுவர்.

“உப்பு இருக்கு சார். பேட்டரித் தண்ணியில அது கெடையாது. இது வீட்டுக் குழாய்க்குச் செஞ்சது சார், பேட்டரிக்கு இல்ல” என்றாள் மும்தாஜ்.

அவர் சிரித்துவிட்டார். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இன்று நான் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றால், அந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் காரணம் என்று சொல்வேன்.

சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். ஒன்பது குடமும் நிறைந்து வரிசையாக இருந்தன. டிரம் தளும்பிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி ஈரம். மூன்று ஜாக்கெட்டில் ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்ற இரண்டும் வெட்டிய துணியாகவே கிடந்தன. சின்னாளப்பட்டி அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாரமா உங்க கையில கெடக்கு. இன்னும் கைகூட மூட்டலைன்னா என்னங்க அர்த்தம்? கடைசிப் பஸ்ஸ விட்டுட்டு நாங்க எங்க போறது?”

“செத்த நேரம் இருங்க. குடுத்துர்றேன்” என்றாள் அம்மா. அவளை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சொன்ன நேரத்துக்குக் கொடுப்பவள் என்று பெயர் எடுத்தவள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பரிசு வாங்கி வந்த நாளில் இப்படியா? அந்த அம்மா ஒருவழியாக மூன்றையும் வாங்கிக்கொண்டு போனதும் அம்மாவின் மேல் பாய்ந்தேன். “தண்ணிதான் வராதுன்னு சொன்னேல்ல? வந்தாலும் ஒரு மணி நேரம்தான? மிச்ச நேரம் நிம்மதியா உக்காந்து தைக்க வேண்டியதுதான? காலையில இருந்து என்னதான் செஞ்ச நீ?”

அம்மா மெஷினில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: “கத்துச்சா?”

“கத்துச்சு. ரெண்டாவது பிரைஸ்.”

“அப்பச் சரி.”

மோட்டார் ரிப்பேர் எதுவும் இல்லை என்பதைப் பெரியம்மா எனக்குச் சொல்லப் பல வருடம் ஆயிற்று. சனிக்கிழமை தண்ணீர் வரும் என்று வால்வு திறக்கிறவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே, நானும் அப்பாவும் வீட்டில் இல்லாத நேரத்தில், தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேரம்தான் சொல்லவில்லை. மூன்று மாதமாகக் குருவியை நம்பி நம்பி அம்மாவுக்குக் காதின் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மெஷினில் உட்கார்ந்தால் தவறிவிடும் என்ற பயத்தில், காலை எட்டு மணியிலிருந்து மூன்றரை வரை வெயிலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ‘நீ போய்த் தையி, நான் பாத்துக்கிறேன்’ என்று பெரியம்மா சொன்னதற்கு, ‘உனக்கு நாலு குடம் நெறஞ்ச பெறகுதானக்கா சொல்லுவ’ என்று சிரித்தாளாம்.

அந்தச் சாயங்காலம் இது எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டூலைப் போட்டு ஏறி, குருவியைப் பழைய இடத்தில் மாட்டினேன். கப்புக்குள் ஈர விரலை விட்டுச் சோதித்தேன். கத்தியது.

“பாத்தியாம்மா? ஒரு நாள் இது இல்லாம வீடு எப்பிடி ஆகிப்போச்சு!” என்றேன்.

“ஆமாடி, ரொம்பக் கஷ்டமாத்தான் போச்சு” என்றாள் அம்மா.

அதை நான் எங்கள் மன்றத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை கூடியபோது நோட்டில் எழுதியும் வைத்தேன்.