கவர்னர் பிடுங்கிய ஒரு நாள்

நியூ ஜெர்சியிலிருக்கும் மகள் ஒன்பது நாள் விடுமுறையில் நோர்பரிக்கு எங்களிடம் வருவதாக இருந்தாள். நாட்காட்டியில் ஒன்பது கட்டங்களுக்கும் வட்டமிட்டிருந்தேன். புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கையில் தொலைபேசியில் வந்தாள்.

“அப்பா, செவ்வாய்க்கிழமை பிரைமரி. வாக்குப் போட்டிட்டுப் புதன்தான் வெளிக்கிடுறன்.”

“கவர்னர் தேர்தல் நவம்பரில எண்டாயே?”

“இது கட்சிக்குள்ள ஆர் நிக்கிறதெண்டு தெரிவு செய்யிறது.”

“ஒரு கவர்னருக்கு ரண்டு தேர்தலோ? எங்கட நாட்டில ஒண்டுமில்லாமலே கவர்னர் வந்தவர்!”

எட்டு நாளுக்கு வந்தவளிடம் முதலில் தேர்தல் முடிவைத்தான் கேட்டேன். அவளுடைய ஆள் தோற்றுவிட்டாராம்.

“எத்தினை வாக்கால?”

“ஆயிரக்கணக்கில, அப்பா.”

“அப்ப உன்ர ஒண்டு இல்லாட்டிலும்...”

மனைவி தேநீரை என் முன்னால் வைத்தாள்.

“இருக்கிறது எட்டு நாள். அதில ஒண்டைச் சண்டையில கழிக்காதேங்கோ.”