பனிக்குள் இருந்த வீடு

என் கணவருக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்றுதான் சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சென்னையில் இருக்கும் மகன் நம்பினான், மருமகள் நம்பினாள், இத்தனை ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த நானும் நம்பினேன்.

நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. நெய்வேலி நகரியத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸை, அவர் சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் காலி செய்து, வடலூர் சாலையில் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அவர் தினமும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய குவார்ட்டர்ஸுக்கு எதிரே போய் நிற்பார். எதிர்ப்புறம் ஒரு சிறு மதகு உண்டு. அதன் மேல் நின்று கைபேசியில் படம் எடுப்பார். நடைப்பயிற்சிக்குப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் நகரியத்தின் காவலர் ஒருவர் என்னைக் கடைத்தெருவில் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. சார் தெனம் வந்து நின்னுகினு அந்த வூட்டைப் போட்டோ புடிக்கிறாருங்க. புதுசா குடிவந்த பொண்ணு பயப்படுது. நானும் கேட்டுப் பாத்தேன். 'நம்ம வூடுதானேய்யா'ன்றாரு."

நம்ம வீடுதானே! அந்தச் சொல் எனக்குள் எதையோ அசைத்துவிட்டது.

தீபாவளிக்கு வந்த மகன், இடம் நிரம்பிப்போன அவருடைய கைபேசியைச் சரிசெய்ய வாங்கினான். உள்ளே நூற்றுக்கணக்கில் ஒரே படம். ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருக்கும் இரண்டு குவார்ட்டர்ஸ், பக்கம் பக்கமாக இரண்டு இரும்பு கேட்டுகள், நடுவேலியில் ஒரு பலாமரம்.

"ஏம்ப்பா ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கறீங்க?"

"ஒரே படமா? நல்லாப் பாருடா."

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவர் கைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த இன்னொரு கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பாயுடைய வீடு. என் கணவரும் அவரும் சுரங்கத்தில் ஒரே கன்வேயர் பிரிவு, ஒரே ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் பேருந்தில் பாய் பேசத் தொடங்கினால் கடைசி இருக்கையில் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்களாம். அப்படி ஒரு குரல். நடுவேலிப் பலாவை இருவரும் சேர்ந்துதான் நட்டார்கள், சேர்ந்துதான் தண்ணீர் ஊற்றினார்கள். மரத்தின் எந்தப் பக்கம் காய்க்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பழம் என்பது ஒப்பந்தம். எப்படியோ ஒவ்வோர் ஆண்டும் பாயின் பக்கமே அதிகம் காய்க்கும். "மரத்துக்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்யா, என் பக்கமே காய்க்கச் சொல்லி. நீயும் வேணா அதுக்கிட்டப் பேசிப் பாரு" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போடுவார். வெட்டிய பழத்தில் பாதி எங்கள் சமையலறைக்கு வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஓய்வுக்குப் பிறகு பாய் குடும்பம் நெல்லிக்குப்பத்தில் மகன் கடை வைத்திருக்கும் இடத்துக்குப் போனது. முதலில் வாரம் ஒரு முறை பேசுவோம். பிறகு அவர்கள் வீட்டில் யாரும் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. என்னவோ மனத்தாங்கல் என்று நினைத்தேன். அவரிடம் கேட்டால், "விடு, அவங்கவங்களுக்கு ஆயிரம் இருக்கும்" என்பார். நான் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய பாயின் மனைவி என்னை மறந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. பத்து மணிக்கு அழைத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. பதினொன்றுக்குக் கைபேசி அணைந்திருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் வண்டியில் நகரியம் முழுக்கத் தேடினார்கள். மதகின் ஓரம் சைக்கிள் பூட்டியபடி நின்றது, ஆள் இல்லை. அன்று மதியம் நான் எத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

இருட்டுவதற்குச் சற்று முன்பு வந்து சேர்ந்தார். வேட்டியின் கரையெல்லாம் ஈரமண். வாசல் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், கட்டியிருந்த வேட்டியோடு குழாயடியில் நின்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார், அந்தக் குளிரில். வேறெந்த நாளில் அதைப் பார்த்திருந்தாலும் எனக்கு அந்தக் கணமே புரிந்திருக்கும். நம் வீடுகளில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் புரியும். ஆனால் அப்போது எங்கள் வீட்டில் அவர் செய்வதற்கெல்லாம் ஒரே பொருள்தான் இருந்தது. குளிர்கூடத் தெரியாத அளவுக்கு முற்றிவிட்டதே என்று நினைத்துத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்நேரம் என் கையிலிருந்த கைபேசியில், மதியத்திலிருந்தே தொடர்பிலிருந்த மகன் ஒலிபெருக்கியில் கேட்டான்: "அப்பா, இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். துண்டைக் கொடியில் போட்டார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே மகன் வந்துவிட்டான். அலுவலக வேலையை எங்கள் வீட்டிலிருந்தே செய்தான். சென்னையில் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினான். பார்த்துவிட்டு அங்கேயே இரண்டு பேரும் இருந்துவிட வேண்டியதுதான், இந்த வீட்டைப் பூட்டிவிடலாம் என்றான். நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் என்ன இருந்தது? என் புத்தகங்களில் எவற்றை எடுத்துப் போவது என்று மனத்துக்குள் பிரித்துவைக்கத் தொடங்கினேன். அவரோ எப்போதும்போல் விடிந்ததும் மதகுக்குப் போனார். மகன் பின்னாலேயே போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்தான்.

இதற்கிடையில் எங்கள் படக்காரர்கள் கூடும் ஞாயிறு வந்தது. நகரியத்தில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் சிலர் மாதம் ஒரு முறை ஒரு வாசகசாலைக் கூடத்தில் கூடுவோம். பொறியாளர்கள், ஓர் ஆசிரியர், ஒப்பந்தத் தொழிலாளியாக லாரி ஓட்டுகிற ஒருவர், பறவைகளைக் கைபேசியில் பிடிக்கும் நான். நடத்துபவர் ஒரு செவிலியர். ஆளுக்கு ஒரு படத்தைச் சுவரில் காட்டி அதன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. இது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

ஊரைவிட்டுப் போகும்முன் கடைசியாக ஒருமுறை என்று போனேன். அவரைத் தனியே விட முடியாது என்பதால் மகன் அவரையும் அழைத்துக்கொண்டு வந்தான். என் ஜன்னல் கம்பியில் கூடுகட்டிய கொண்டைக்குருவியின் கதையை நான் சொல்லி முடித்ததும், செவிலியர் மரியாதைக்காகக் கேட்டார்.

"சார், நீங்களும் தினம் எடுக்கறீங்களாமே. ஒண்ணு காட்டுங்களேன்."

"வேணாம் மேடம், அப்பாவுக்கு..." என்று மகன் எழுந்தான். அதற்குள் அவர் கைபேசியை நீட்டிவிட்டார்.

சுவர் முழுக்க வெள்ளை. வேறொன்றுமில்லை. கூர்ந்து பார்த்தால் நடுவில் மங்கலாக ஏதோ கோடு, அது மரமாக இருக்கலாம்.

"ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார் லாரிக்காரர்.

"சட்டம் என்னண்ணா?" என்றார் செவிலியர். கூடம் அமைதியானது. என் கணவர் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுல ரெண்டு வூடு இருக்கு. பனியில தெரியல. ஒண்ணு எங்களுது, ஒண்ணு பாயுது. பாய்க்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்துடுச்சு. வலது பக்கம் சுத்தமா இல்ல. பேச்சும் போச்சு. அப்படிப் பேசின மனுஷன். வாய் கோணிக்கினு எச்சில் வடியறதை நம்ம ஆளுங்க யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டான். இடது கையால எனக்கு ஒரு மெசேஜ் அடிச்சான். 'யாரும் வர வேணாம். யார்கிட்டயும் சொல்லாத. உன் சம்சாரத்துக்கிட்டக்கூட. வூட்டை மட்டும் காட்டு.' அவ்வளவுதான். தெனம் காலையில எடுத்து அனுப்புவேன். அவன் பாத்துட்டு ஒரு கட்டைவிரல் போடுவான். அவன் பக்கம் பலாப்பிஞ்சு விட்டிருந்தா ரெண்டு கட்டைவிரல்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார்.

"இந்தப் படம் அனுப்பினப்போ, பனி, விலகினதும் வேற அனுப்பறேன்னு எழுதினேன். விலகினதும் அனுப்பினேன். ரெண்டு டிக் விழுந்துச்சு, நீலமா மாறல, அவன் பாக்கல. அப்படியே மதகுல உக்காந்துகினு இருந்தேன். அவன் பையன்கிட்டயிருந்து போன் வந்துச்சு. வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனா நேரமாயிடும்னு அப்படியே பஸ் ஏறிட்டேன். எல்லாரோடயும் நின்னு ஒரு கை மண்ணு போட்டுட்டு வந்தேன்."

பிறகு மகனைப் பார்த்தார்.

"வந்ததும் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ என்ன கிழமைன்னு கேட்ட. வியாழக்கிழமைடா. இப்பல்லாம் நான் எதைச் சொன்னாலும் நீயும் உங்கம்மாவும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கறீங்க. அவன் போனதைச் சொல்லும்போது அப்படிப் பாத்தீங்கன்னா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லல. இன்னும் தெனம் அனுப்பறேன். அவன் இல்லன்றதை மறந்துபோயி அனுப்பல. தெரிஞ்சுதான் அனுப்பறேன்."

உட்கார்ந்துகொண்டார். இத்தனை நாளும் நாங்கள் அவரிடம் "ஏன்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கூடத்தில்தான் அவரிடம் கதையைக் கேட்டார்கள், குறுக்கே பேசாமலும் கேட்டார்கள். எனக்குக் கொல்லைப்பக்கத்துக் குழாயும் ஈரவேட்டியும் நினைவுக்கு வந்தன. தலை நிமிர முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் சொன்னான்: "அப்பா, அந்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் பண்ணிடறேன்."

"எதுக்கு? போயிட்டு வந்துடுவோம். அப்பதான் நீ நிம்மதியா தூங்குவ" என்றார் அவர். போனோம். மருத்துவர், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்து, ஊருக்குப் போங்கள் என்றார்.

சென்னைக்குப் போகும் முன்பே நாங்கள் நெல்லிக்குப்பம் போய்வந்துவிட்டோம். கணவரை இழந்த பெண்கள் வெளியாட்களைப் பார்க்காமல் தனித்திருக்கும் இத்தா காலத்தில் அக்கா இருந்தார். அதனால் என் கணவர் வெளியே கடையில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் உள்ளே போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல கோவமா இருந்திருப்பியேம்மா. நீ வந்தா நான் அழுவேன், நீயும் அழுவ, அவரால தாங்க முடியாதுன்னுதான் உனக்குச் சொல்ல வேணாம்னாரு."

அலமாரியிலிருந்து பாயின் கைபேசியை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"தெனம் காலையில டிங்குனு ஒரு சத்தம் வருது. யாருன்னு தெரியும். சார்ஜ் மட்டும் போட்டு வெச்சிடறேன். தொறந்து பாக்க மனசு வரல. நீ கூட இருந்தா பாக்கறேன்."

இருவரும் திறந்தோம். பனி மூடிய படம் முதலில். பிறகு விலகிய பனி. பிறகு ஒவ்வொரு காலையும். ஒரு படத்தில் சைக்கிள், ஒன்றில் புதுக்கோலம், ஒன்றில் கேட்டின் மேல் ஓர் அணில். அக்கா விரலால் பெரிதாக்கித் தன் பழைய சமையலறை ஜன்னலைப் பார்த்தார். "என் டப்பா வெச்ச இடத்துல இப்ப இருக்கறவங்களும் டப்பா வெச்சிருக்காங்க பாரேன்" என்றார்.

வெளியே நாற்காலி நகரும் சத்தம். என் கணவர் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது தெரிந்தது. அவருடைய கைபேசியில் அத்தனை டிக்குகளும் ஒரே நேரத்தில் நீலமாகியிருக்கின்றன. அவர் தொண்டையைச் செருமினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்: "அண்ணே, இந்த வருஷம் பிஞ்சு எப்படி விட்டிருக்கு?"

"உங்க பக்கம்தாம்மா அதிகம்" என்றார் அவர். "போறப்பவும் மரத்துக்கிட்டச் சொல்லி வெச்சிட்டுத்தான் போயிருக்காரு."

திரைக்கு இந்தப் பக்கம் அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது எனக்கு.

இப்போதும் அவர் விடிந்ததும் போகிறார். காவலர் சொன்னாரோ என்னவோ, புதிதாகக் குடிவந்த அந்தப் பெண், மரம் மறையாதபடி தன் ஸ்கூட்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறாள். படம் அதே எண்ணுக்குப் போகிறது, சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்த இரட்டை வீட்டில் சேர்ந்து வாழ்ந்த நால்வரில் மூவர் மிச்சமிருக்கிறோம்: படம் எடுத்து அனுப்ப அவர், திறந்து பார்க்க அக்கா, சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வரும்போது, இன்றைக்கு அங்கே என்ன தெரிந்தது என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க நான்.