ஒரு தாள் குறைந்த கட்டு

போன வாரம் புத்தூர் தபால் ஆபீஸில் ஒரு பார்சலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "சார், நகருங்க, தூங்கிட்டீங்களா?" என்றார். தூங்கவில்லை ஐயா, முப்பது வருஷம் பின்னால் போயிருந்தேன்.

அரக்கு என்றால் எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுதான். மன்னார்புரம் தாண்டித் தெற்கே பஸ்ஸில் அரை மணி. பெரிய பொட்டல், அதில் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு ஒன்றாகக் கட்டடங்கள். இயற்பியல் துறையிலிருந்து நூலகத்துக்கு நடப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். மாணவர்களைவிட மயில்கள் அதிகம் என்று கேலி செய்வோம். ஆனால் சுற்றியுள்ள மாவட்டங்களின் கல்லூரிப் பிள்ளைகள் எழுதியதெல்லாம் அங்கேதான் சாக்கு மூட்டைகளில் வந்து இறங்கும். பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி போட்டு வருகிறவர்களுக்கு மேடை தெரியும், எங்கள் கூடம் தெரியாது.

நான் தற்காலிக எழுத்தர். பெயர்தான் எழுத்தர், வேலை கிழிப்பது. திருத்துகிறவருக்கு ஆள் தெரியக் கூடாதென்று, விடைத்தாளில் பதிவெண் இருக்கும் துண்டைக் கிழித்துவிட்டு வேறு எண் போடுவோம். கட்டில் ஒரு தாள் குறைந்தால் மற்றக் கட்டுகளையெல்லாம் பிரித்துத் தேட வேண்டும். அதுதான் விதி. ஊழியர் பஸ்ஸோ ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடும். விட்டால் மெயின் ரோடு வரை நடைதான்.

ஒரு நாள் ஐந்தரைக்கு ஒரு தாள் குறைந்தது. டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். தேர்வு எழுதியவர்கள் கையெழுத்திட்டுக் கல்லூரி அனுப்பிய பட்டியலைப் புரட்டியிருந்தாலே ஆள் வந்தது தெரிந்திருக்கும். புரட்டவில்லை. எங்கள் பட்டியலில் அந்தத் தாளின் பதிவெண்ணுக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதி, கட்டுக்கு அரக்கு வைத்துவிட்டு ஓடினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. வெட்கங்கெட்டவன், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வீடு வந்தேன்.

ரிசல்ட் வந்த நாலாம் நாள் விசாரணை ஜன்னலில் உட்கார என் முறை. வைதேகி என்று ஒரு பெண், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தாள். கூடவே அப்பா, கோயில் மடைப்பள்ளியில் சமையல் கைங்கர்யம். அவளுக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. இரண்டு வாரத்துக்குள் மதிப்பெண் பட்டியலைக் காட்டியாக வேண்டும்.

"நான் எழுதினேன் சார். அடிஷனல் ஷீட்கூட வாங்கினேன்."

"ரெக்கார்டுல வரலைன்னு இருக்கேம்மா. நான் என்ன பண்றது?"

"கொழந்தை பொய் சொல்லமாட்டா சார்," என்றார் அப்பா.

நான் நம்பவில்லை. பரீட்சைக்குப் போகாமல் வீட்டில் கதைவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று என்ற திமிர். அவள் பதிவெண்ணைப் பார்த்தும் எனக்குப் பஸ் ஹாரன் நினைவுக்கு வரவில்லை. கல்லூரியில் கடிதம் வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார்கள். அது ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து, மூன்று மாதம் கழித்து, வேறொரு பாடக் கட்டுக்குள் அந்தத் தாள் அகப்பட்டது. எடுத்தவன் நான்தான். அப்புறம்தான் எங்கள் பழைய பட்டியலைப் பார்த்தேன். ‘வரவில்லை’ என் கையெழுத்து. திருத்தியதில் எழுபத்தொரு மதிப்பெண். அதற்குள் பி.எட். வகுப்பு தொடங்கி, அவள் இடம் வேறு யாருக்கோ போயிருந்தது.

புது மதிப்பெண் பட்டியல் வாங்க அப்பாவோடு வந்தாள். "எங்க சார் இருந்தது?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் பண்ணின தப்பும்மா," என்றேன். அதுதான் எதிர்த்துப் பேசாது.

அவள் அப்பா ஒரு தூக்கை நீட்டினார். "நீங்கதான் தேடிக் கொடுத்தேள்னு ஆபீஸ்ல சொன்னா. பெருமாள் பிரசாதம், வேண்டாம்னு சொல்லப்படாது." புளியோதரை. அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டேன்.

"அடுத்த வருஷம் அப்ளை பண்ணும்மா."

"ஆத்துல வரன் பார்த்துட்டா சார்," என்றாள். படிப்பு அத்தோடு சரி.

இப்போது தாளில் பார்கோடு ஒட்டி ஸ்கேன் செய்கிறார்களாம். ரிசல்ட் போனுக்கே வந்துவிடுகிறது. பழைய பட்டியல்கள் எப்போதோ கூழாகப் போயாயிற்று, என் கையெழுத்தை இனி யாராலும் காட்ட முடியாது. விசாரணை ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் போகட்டும், எனக்கு அந்த ஜன்னல் ஒன்று வேண்டும். அவள் ஒரு தரம் வந்து நின்றால் போதும், சொல்லிவிடுவேன்: "கம்ப்யூட்டர் இல்லம்மா. நான்தான்."