மூன்று மணி நாற்பது நிமிடம்

என் மனைவியின் தம்பி அருணாச்சலப் பிரதேசத்தில், ஒரு மலையூரில், கரண்ட் கோபுரம் நிறுத்தும் ஒப்பந்த வேலையில் இருந்தான். எங்கள் மூன்று வயது மகளுக்குக் காது குத்த ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மனைவிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

"லீவு கேட்டிருக்கேன் மாமா. வழியெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்கு, எப்ப வந்து சேருவேன்னு சொல்ல முடியல" என்றான் போனில்.

எனக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. எதையும் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுகிற ஆள் என்று ஒரு நினைப்பு. அந்த மலையூருக்குப் பக்கத்தில் சின்ன விமான நிலையம் ஒன்று இருந்தது. தூரம் காட்டும் ஒரு இணையதளத்தில் அதையும், நம் பக்கத்துக்கு நெய்வேலியையும் போட்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம் என்று வந்தது. நெய்வேலியில் பயணிகள் விமானம் இறங்குவதில்லை என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். சென்னையில் இறங்கி வந்தால் இன்னும் ஒரு நாலைந்து மணி நேரம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அந்த இணையதளம் நேர்கோடு போட்டு நேரம் சொல்லிவிடும், அங்கிருந்து விமானம் கிளம்புகிறதா என்பது அதற்குத் தேவையில்லாத சங்கதி. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"நாலு மணி நேரம்கூட இல்ல மச்சான். மனசு இருந்தா வரலாம்" என்றேன்.

"சரி மாமா" என்று வைத்துவிட்டான். இரண்டு நாளில் அவன் போன் சுவிட்ச் ஆஃப். கோபித்துக்கொண்டான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமே" என்றாள் மனைவி.

"நாலு மணி நேரத்துல வராதவன் ஒரு வாரத்துல வந்துடுவானா?"

அவள் மறுபடி கேட்கவில்லை. சிதம்பரத்திலிருந்து அவளுடைய பெரியப்பா மகன் வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். மொட்டை, காதுகுத்து, சாப்பாடு எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு போட்டோவிலும் மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஊர் முதுநகர் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்து நின்றான் மச்சான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் பேசிய அன்றே கிளம்பியிருக்கிறான். சரிந்த இடங்களை நடந்து கடந்து, அப்புறம் ஜீப், படகு, பஸ், உட்கார இடமில்லாத ரயில் என்று ஆறு நாள். படகில் ஏறும்போது போன் ஆற்றில் விழுந்துவிட்டது. எங்கள் நம்பர் எதுவும் அவனுக்கு மனப்பாடமில்லை.

"நீங்க அப்படிச் சொன்னதும் இருப்பு கொள்ளல மாமா" என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையிலிருந்து ஒரு ஜோடித் தோட்டை எடுத்து, "குத்தியாச்சாக்கா?" என்று கேட்டான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவனாகவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துக் கைகளை நீட்டினான். "மாமா மடிக்கு வா கண்ணு."

நேற்றும் ஒருத்தர் இப்படித்தான் கூப்பிட்டிருந்தார். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வீறிட்டு அழுதபடி என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். "பயப்படாத, மாமா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான்.