பலாலியிலிருந்து திருச்சிக்கு

திருச்சிக்கு வேலைக்குப் போன கணவன் கஜேந்திரன் அங்கே லாரி மோதிச் செத்துப்போனான் என்ற செய்தியைச் சுதர்ஷினியிடம் கொண்டுவந்தவர் அவனுடைய அண்ணன் ராமச்சந்திரன். கிளிநொச்சியிலிருந்து தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, லயத்து வீட்டு வாசலில் நின்று விம்மினார். உடம்பையாவது கொண்டுவர முடியாதா என்று அவள் கேட்டாள்.

"கடல் தாண்டின தூரம்மா. அங்கயே எரிச்சிட்டாங்க."

சுதர்ஷினி தாலியைக் கழற்றினாள். மகள் டிலானி பள்ளிக்கூடம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

மூன்று வருடம் கழித்து ராமச்சந்திரனின் மனைவி சுமித்ரா போனில் கோல் எடுத்தாள். புருஷனோடு பெரிய சண்டை போலிருந்தது.

"சுதா, ஒன் புருசன் உசிரோட இருக்கான். அடுத்த மாசம் திருச்சியிலயே அவனுக்குக் கல்யாணம். இவரு யாழ்ப்பாணம் பலாலியில பிளேன் ஏறுறாரு. ஒரு மணித்தியாலந்தானாம். என்னைய வர வேணாம்னுட்டாரு."

சுதர்ஷினி அழவில்லை. அந்த ஒரு மணித்தியாலம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போவதற்கே அதைவிட நேரமாகும்.

முன்பு குவைத்தில் வீட்டு வேலை செய்தவள் என்பதால் கடவுச்சீட்டு கையில் இருந்தது. மாவனல்லையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் மைமூனா விசாவையும் பார்த்துக்கொண்டாள்.

"கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவுல இருந்தே போகலாமே, எதுக்கு அவ்வளவு தூரம் பலாலிக்கு?"

"சுமித்ரா அக்கா தேதி சொல்லியிருக்கு. எனக்கு அந்தப் பிளேன்தான் வேணும்."

சின்ன விமானம். ராமச்சந்திரன் பெல்ட் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் சுதர்ஷினி வந்து உட்கார்ந்தாள். அவர் எழப் பார்த்தார். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

"தூரம் தூரம்னீங்களே அண்ணே. இவ்வளவுதானா?"

"ஏம்மா, அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்..."

"நீங்க அழுததும் அவரு சொல்லியா?"

கீழே கடல் முடிந்து கரை தெரியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது.

திருச்சியில் பெண் வீட்டார் கார் அனுப்பியிருந்தார்கள். "நானும் மாப்பிள்ளை வீடுதாங்க" என்று அவளும் ஏறிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் தானும் மாட்டுவோம் என்று ராமச்சந்திரன் கதவோரம் ஒடுங்கிக்கொண்டார்.

இரவு பெண் வீட்டுப் பெண்களோடு தங்கி, மறுநாள் காலை மண்டபத்தில் மேளம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேடையேறினாள். பையிலிருந்து கஜேந்திரனின் படத்தை எடுத்துக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்தாள். இறந்த தேதி போட்டு, பிளாஸ்டிக் மாலை சுற்றிய படம். மேளம் நின்றது.

"இவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செஞ்ச பொண்டாட்டி நான்" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

பெண்ணின் அப்பா ராமச்சந்திரனைப் பார்த்தார். ராமச்சந்திரன் தலை குனிந்துகொண்டார். மணப்பெண் தானே மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மாப்பிள்ளை அறையிலிருந்து கஜேந்திரன் ஓடிவந்தான். "சுதா, உள்ள வா, பேசிக்கலாம்."

"செத்தவங்களோட எனக்கு என்ன பேச்சு?"

அவள் வாசலைத் தாண்டும்போது பெண்ணின் அண்ணன்மார் அவன் சட்டையைப் பிடித்திருந்தார்கள்; அவன் அழுதுகொண்டிருந்தான். அன்று மாலையே அவனைப் போலீஸில் ஒப்படைத்தார்கள் என்று சுமித்ரா பிறகு சொன்னாள். தம்பியை வெளியே எடுக்க சுதாவை ஏதாவது செய்யச் சொல் என்று ராமச்சந்திரன் சுமித்ராவிடம் கெஞ்சினாராம். சுதர்ஷினி ஒன்றும் செய்யவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் டிலானி கேட்டாள்.

"அப்பா அழுதாரா?"

"அழுதாரு."

"நல்லாவா?"

சுதர்ஷினி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.