சோதனை போட ஆளில்லாத கேட்

பாரிவாக்கம் ஜம்புலிங்கத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. ஆவடித் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள் 'தங்கமான மனுஷன்' என்பார்கள். பெண்டாட்டி ராணி 'துப்புக்கெட்ட மனுஷன்' என்பாள். காரணம் ஒன்றுதான். சர்வீஸ் முழுக்க கேட் பாஸ் இல்லாமல் ஒரு போல்ட் நட்டுகூட அவர் வெளியே கொண்டுவந்ததில்லை.

ஷிப்ட் முடிந்தால் கேட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கவேண்டும், காவலாளி உடம்பைத் தடவிப் பார்ப்பான். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. ரிடையர் ஆன பிறகு வானகரத்துக் கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்க வந்த பெண்ணைப் பார்த்தும் கையைத் தூக்கினாரே, என்னத்தைச் சொல்ல!

மகள் மைதிலி சவுதிக்குக் கூப்பிட்டாள். தண்ணி லாரி வந்தால் பிடித்துவைக்க ஆள் வேண்டுமே என்று ராணி தங்கிவிட்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "அங்க பழைய தங்கச் சுரங்கம் கீதாம், மாப்ள இட்டுகினு போவாராம். எனக்குன்னு ஒரு கல்லாச்சும் எடுத்துகினு வாய்யா. ஆயுசுல ஒரு தபா!"

அவள் கண் கலங்கியிருந்தது. "உம்மேல சத்தியம்டி" என்றார் ஜம்புலிங்கம்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை கோகுல்நாத் கூட்டிப்போனான். பாலைவனத்தின் நடுவே, எப்போதோ ஒரு சுரங்கக் கம்பெனி போட்டுவிட்டுப் போன கேம்ப். கூரையில்லாத குடியிருப்புகள், கவிழ்ந்த தள்ளுவண்டிகள், துருப்பிடித்த ஒரு மிஷின். தங்கத்தைத் தேடாமல் அந்த மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார் இவர். "எண்ணெகூட போடாம உட்டுட்டுப் போய்க்கிறானுங்களே, பாவிங்க!"

அதன் அடியில்தான் கிடந்தது, எலுமிச்சை அளவில் மினுமினுவென்று ஒரு கல். ராணியை நினைத்துக்கொண்டு பேன்ட் பையில் போட்டார்.

மாப்பிள்ளை கார் டிக்கியையே கற்களால் நிரப்பியிருந்தான். வேலி மொத்தமும் விழுந்துகிடந்தது, எந்தப் பக்கமும் வெளியேறலாம். இவரோ இரண்டு தூண் மட்டும் மிஞ்சியிருந்த கேட் வழியாகத்தான் வந்தார். தூணுக்கு நடுவில் கால் நின்றது. கை தானாக மேலே போனது.

"மாமா, அங்க யாருமே இல்ல, வாங்க!"

"இரு மாப்ள."

சோதிக்க யாரும் வரவில்லை. மணலை வாரியடித்துக்கொண்டு காற்றுதான் வந்தது. ஜம்புலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கல்லை எடுத்துத் தூணோரம் வைத்தார், அப்பாடா என்று நடந்தார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. ஐயோ, அவள் முகத்தில் எப்படி முழிப்பது? இருந்தும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

மறுநாள் அதே பேன்ட்டோடு வீட்டு வாசலில் நின்றார்.

"கல்லு எங்கய்யா?"

ராணி கிட்டே வந்தாள். அவள் பையைத் தொடுவதற்குள் அவர் கை இரண்டும் மேலே போய்விட்டது. பையை வெளியே இழுத்து உதறினாள். உள்ளங்கையில் கொஞ்சம் மணல் விழுந்தது.

அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இதுக்கு கேட் பாஸ் வாங்குனியா?"

ஜம்புலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லடி, மணலு ஒட்டிகினு வந்தத பாக்கல" என்றார், தூக்கிய கையை இறக்காமல்.