நாலாம் கேட்டுக் கத்திரி

கால்பந்து கிளப்பின் நாலாம் கேட்டில் பதினேழு வருடமாக டிக்கெட் கிழித்தவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது வரிசையில் நின்றவர்கள்தான். டிக்கெட்டின் நடுவே உள்ள துளைக்கோட்டில் விரல் வைத்தால் ஒரே இழுப்பு. பாதி அவள் டப்பாவில், பாதி வந்தவர் கையில். மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து அறுவை முடிந்தபோது, "கத்திரிக்கே கத்திரி போட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தவளும் அவள்தான். பக்கத்தில் இருந்த தங்கை சிரிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வேலை கேட்டுப் போனாள். கிளப் செயலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அந்த அறையில் அதுவரை அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"புற்றுநோய் நிதிக்காக ஒரு ஆட்டம் வெக்கிறோம்மா. டிக்கெட்ல உங்க படம்தான். இடைவேளையில மைதானத்து நடுவுல நிப்பீங்க, கேப்டன் பூச்செண்டு குடுப்பாரு."

"சந்தோஷம் சார். நாலாம் கேட்டு எப்ப தருவீங்க?"

"உங்க கை இருக்குற நிலைமைக்கு அதெல்லாம் எதுக்கு? ரெஸ்ட் எடுங்க."

அறுவைக்குப் பிறகு இடது கை வீங்குவது உண்மைதான். பாரம் தூக்காதே என்ற டாக்டரிடம் டிக்கெட் கிழிக்கலாமா என்று முன்பே கேட்டிருந்தாள். காகிதம் என்ன மூட்டையா என்றவர், அதை எழுதியும் கொடுத்திருந்தார். அவள் நீட்டிய அந்தச் சீட்டைச் செயலாளர் படிக்காமலே மடித்து வைத்தார். நோய்க்காக ஊரையே திரட்டுவார்களாம். நோயிலிருந்து எழுந்து வந்தவளுக்கு வேலை மட்டும் கிடையாதாம்.

ஆட்டத்தன்று தங்கை எடுத்து வைத்த புதுத்துணியைத் தொடாமல் பழைய நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாலாம் கேட்டில் அவளுக்குப் பதிலாகப் போட்டிருந்த ஆள் கூட்டத்தைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தார். "நகருங்க" என்றாள். மகராசன், உடனே நகர்ந்தார்.

டிக்கெட்டில் அவள் முகம். துளைக்கோடு சரியாக மூக்கின் மேல். முதலில் நின்றவரே கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"உங்க மூஞ்சியவே கிழிக்கணுமாக்கா?"

"மூஞ்சி இங்க இருக்கு. அது காகிதம். குடுங்க."

சர்ரென்று கிழித்தாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

சேதி கேட்டுச் செயலாளர் உள்ளேயிருந்து ஓடிவந்து, கேட்டைத் தாண்டி அவளுக்கு எதிரே நின்றார். "என்னம்மா இது? உங்களுக்கு நடுவுல இடம் போட்டு வெச்சிருக்கோம்."

"என் இடம் இது சார். பூச்செண்ட இங்க அனுப்புங்க."

"சார், ஓரமா நில்லுங்க," என்றது வரிசை. "அக்கா வேலை செய்யட்டும்."

"அடுத்த ஆட்டத்துக்கு யாரு சார் இங்க?" கிழித்துக்கொண்டே கேட்டாள். கை விண்விண்ணென்று வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

செயலாளர் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு கையிலும் அவள் முகம்தான் இருந்தது. ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

"நீங்கதான். இனிமே எப்பவும் நீங்கதான்."

அவள் தலையாட்டினாள். அவர் உள்ளே திரும்பப் போனபோது குறுக்கே கையை நீட்டினாள்.

"டிக்கெட்?"

அவர் சட்டைப்பையைத் தடவினார்.

"கவுன்டர் அந்தப் பக்கம் சார். நல்ல காரியத்துக்குத்தானே, ஒண்ணு வாங்கிட்டு வாங்க."